பழைய பெட்டியின் வேகம்

கன்னியம்மாளின் செருப்பு வார் பிய்ந்துபோனது ஒரு புதன்கிழமை காலையில். மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்திலிருந்து பட்டறை வரைக்கும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வந்து சேர்ந்தாள். சாயங்காலம் ஒரு ஊக்கு வாங்கிக் குத்திக்கொள்ளலாம் என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வந்து காலை நுழைத்தால் வார் கெட்டியாக நிற்கிறது. குனிந்து பார்த்தாள். பிய்ந்த இடத்தில் ரப்பரை உருக்கி, அடியில் ஒரு சின்னத் துண்டும் வைத்து ஒட்டியிருந்தது. கருகின வாசனை இன்னும் போகவில்லை.

"யாரு வேம்புலி இத பண்ணது?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரு துலுக்கானம்தான். டீ குடிக்க வந்தாரு, செருப்ப பாத்தாரு. ஈயம் பத்தவெக்கிற கம்பிய என் ரூம்ல சொருகி, குந்திகினு ஒட்டிட்டுப் போய்ட்டாரு. யாரு செருப்புன்னுகூட கேக்கல. ரூம் பூரா நாத்தம். எனுக்கு சோறே எறங்கல, போ!"

அடுத்த தடவை துலுக்கானம் பட்டறைக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று கன்னியம்மாள் காத்திருந்தாள். அவரோ அவள் முகத்தைப் பார்த்ததும், "கீபோர்டுல டீய ஊத்தாதம்மா, எறும்பு குடும்பம் நடத்துது உள்ள" என்றார். சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. அவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

துலுக்கானம் நசரத்பேட்டைக்காரர். அவருடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். துலுக்கானத்துக்குப் பத்தாவது தேறவில்லை. பூந்தமல்லியில் ஒரு ரேடியோ கடையில் சேர்ந்தார். ஊரெல்லாம் டிவி வாங்கத் தொடங்கியதும் டிவி பார்க்கக் கற்றுக்கொண்டார். எண்பத்தேழாம் வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. என்ஜினீயர்கள் பெட்டியைத் திறக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி நின்று நின்றே நாலு வருஷத்தில் கற்றுக்கொண்டு, ஒரு தோல் பையும் நாலு திருப்புளியுமாகத் தனியாகக் கிளம்பிவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்தக் கம்ப்யூட்டர் பெட்டி நின்றுபோனாலும் உடனே திறக்க மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி மேலே உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் திருப்புளியை எடுப்பார். இன்னொரு பழக்கம், எதையும் தூக்கிப் போட மாட்டார். ஜனங்கள் வேண்டாமென்று தள்ளிய பெட்டி, பலகை, ஒயர் எல்லாம் அவர் வீட்டில் பரண் வரைக்கும் அடுக்கியிருக்கும். அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, "ஊடா இது, காயலாங்கடையா? விருந்தாளி வந்தா அந்தப் பொட்டி மேலதான் குந்த வெக்கணும்" என்று சொல்லாத நாளில்லை.

பட்டறை முதலாளி பரந்தாமன் மண்ணூர்பேட்டையின் பழைய நிலக்காரர். அவர்கள் நிலம் எஸ்டேட்டுக்குப் போனபின், மிச்சமிருந்த இடத்தில் கொட்டகை போட்டு, தண்ணீர் பம்பு மோட்டாருக்குள் வைக்கிற காயில் சுற்றிக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். மயிர் மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றுகிற வேலை. ஏழு பெண்கள் கையால் சுற்றினார்கள். தொண்ணூற்றொன்றில், பெங்களூரில் மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து, கம்ப்யூட்டர் சொல்லச் சொல்லச் சுற்றுகிற ஒரு மெஷினைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். அதை ஓட்டக் கன்னியம்மாளைத்தான் உட்கார வைத்தார்கள். மற்ற ஆறு பேரும், அது சுற்றிப் போடுகிற காயில்களைப் பிரித்து, கட்டி, வார்னிஷ் போட்டார்கள்.

கன்னியம்மாளின் கணவர் நாகப்பன் லாரியில் சுமை ஏற்றும்போது விழுந்து இடுப்பு முறிந்து வீட்டோடு இருந்தார். அவளுடைய ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆகவே அந்தப் பெட்டியை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, மழையோடு ஒரு இடி விழுந்தது. பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான். துலுக்கானம் வந்து கையை வைத்துப் பார்த்தார், திறந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"போயிடுச்சி மொதலாளி. உள்ள எழுதி வெச்சிருக்கிற டிஸ்க்கு மட்டும் பொழைச்சிகிது. மத்தது எல்லாம் கரி."

பரந்தாமன் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெரிய பம்பு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணெதிரே மூன்று காயில் மெஷினில் சுற்றிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வருஷம் பூராவும் வேலை. வராவிட்டால் இருக்கிற வேலையையும் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். மறுநாளே ஓடிப்போய், இருப்பதிலேயே வேகமான புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். பழைய டிஸ்க்கை அதில் மாட்டிய துலுக்கானம், "இதுல பெரிய பிளாப்பி போட வாயே இல்ல. எங்க ஊட்டு பரண்ல ஒண்ணு கீது. பூஜ முடியட்டும், சனிக்கெழம எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மெஷினுக்கு ஒரு பெரிய பிளாப்பி உண்டு. விரித்த உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக, வளைத்தால் வளைகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் அதைச் சொருகினால்தான் மெஷின் கண் திறக்கும். அதற்கு நகல் எடுத்தால் நகலை மெஷின் ஒத்துக்கொள்ளாது. செய்து கொடுத்த கம்பெனியும் இப்போது இல்லை. ஆகவே எல்லாரும் அதைச் சாவி என்றே சொல்வார்கள். உலகத்திலேயே ஒரு சாவி.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஏழு பெண்களும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பட்டறையைக் கழுவினார்கள். மெஷினுக்கு மாலை, புதுக் கம்ப்யூட்டருக்கு மாலை, கத்தரிக்கோல், குறடு, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கன்னியம்மாள் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். சாவி ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் உயிர் அதுதானே, அதை விடலாமா என்று காகித உறையிலிருந்து எடுத்தாள். அதன் கறுப்பு உடம்பில் கீழ்ப்பக்கம் நெற்றி மாதிரி ஒரு நீளமான திறப்பு உண்டு. உள்ளே பழுப்பாகப் பளபளவென்று தெரியும். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அவளுக்குத் தெரியவில்லை. திருவேற்காட்டு அம்மனை நினைத்துக்கொண்டு, மோதிர விரலால் குளிரக் குளிரச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் உறைக்குள் போட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் துலுக்கானம் ஒரு கோணிப்பையில் பழைய பிளாப்பி பெட்டியைக் கொண்டுவந்து, புதுக் கம்ப்யூட்டரின் பக்கத்தைத் திறந்து மாட்டினார். கன்னியம்மாள் உறையோடு சாவியை எடுத்துக் கொடுத்தாள். சொருகினார். உள்ளே கர்ர் கர்ரென்று தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. திரையில் படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் வந்தது. மறுபடியும் கர்ர். மறுபடியும் அதே.

துலுக்கானம் சாவியை வெளியே எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாப்பா ஆச்சி?" என்று பரந்தாமன் எட்டிப் பார்த்தார்.

"எதுவோ பட்டுகிது. காஞ்சி போயிகிது."

தான் பொட்டு வைத்த இடம்தான் பெட்டி படிக்கிற இடம் என்பது அந்த நிமிஷத்தில்தான் கன்னியம்மாளுக்குப் புரிந்தது.

பரந்தாமன் பட்டறையே அதிரக் கத்தினார். "எவ தொட்டது இத? இந்த ரூம்ல பெருக்கறது யாரு? பேபி! வாடி இங்க. உன்ன எத்தினி தபா சொல்லிகிறேன் மேச மேல கை வெக்காதன்னு?"

பேபி பதினெட்டு வயசுப் பெண், வேலையை விட்டு நின்ற ஒருத்தியின் இடத்துக்குப் போன வருஷம் வந்தவள். வார்னிஷ் போடுவதோடு அறையையும் பெருக்குவாள். துடைப்பத்தோடு வந்து நின்றாள். "நான் தொடல மொதலாளி. எங்கம்மா மேல சத்தியமா தொடல."

"சத்தியம் ஒண்ணுதான் கொறச்சல். திங்கக்கெழமலேர்ந்து நீ வராத. போ."

பேபி அழ ஆரம்பித்தாள். கன்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் படுத்திருக்கிற நாகப்பன் கண்ணுக்கு முன் வந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. துலுக்கானமும் அவள் பக்கம் திரும்பவில்லை, பிளாப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அம்மனை நினைத்து வைத்த சந்தனத்தை நான் வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதும் அதே பொய்தானே? சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மொதலாளி, அவ இல்ல. நான்தான். நேத்து பூஜைக்கு சந்தனம் வெச்சேன். உசுரு மாரியாச்சேன்னு அதுக்கும் வெச்சேன்."

பரந்தாமன் அவளையே பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நெற்றியில் விபூதி பூசிய மனிதர், பூஜையை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் திணறினார்.

"பொட்டி மேல வெக்கறது, மெஷின் மேல வெக்கறது... அது வாய்க்குள்ளயா போயி வெப்ப? சரி. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. திங்கக்கெழம பத்து மணிக்கு மூணு காயில் வரல, மெஷின காயலாங்கடையில எடைக்கிப் போட்டுட்டு கொட்டாயிய இஸ்து மூடிடுவேன். மொதல்ல வெளிய போறது நீதான். உன்னால மத்த ஆறு பேரும்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஆறு பெண்களும் கன்னியம்மாளைப் பார்த்தார்கள். பேபி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

துலுக்கானம் தொண்டையைக் கனைத்தார். "அழறது அப்பால அழுவலாம். பேட்டரிக்கு ஊத்துற தண்ணி ஒரு பாட்டில் வாங்கியாரச் சொல்லு. ஒரு புது பிளேடு. ஒரு சொட்டு தலைக்குப் போடுற ஷாம்பு. அகலமா ஒரு எவர்சில்வர் தட்டு."

"இன்னாண்ணே பண்ணப் போற?"

"உன் சாமிக்கு அபிசேகம்."

பிளேடால் பிளாப்பியின் கறுப்பு உறையை ஓர் ஓரமாகக் கீறினார். உள்ளேயிருந்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு மெல்லிய வட்டத் தகடு வந்தது. அப்பளம் மாதிரி இருந்தது. உலகத்தில் இருக்கிற ஒரே சாவி உறையில்லாமல் அம்மணமாக அவர் விரலில் ஆடியது. ஒரு ஓரத்தில் சந்தனம் கட்டியாகக் காய்ந்து, மேலே குங்குமம் சிவந்திருந்தது.

"ஓட்டையில விரல வுட்டு புடி. மேல கை படக்கூடாது. ஒனுக்கு வேர்க்குதுன்னா இப்பவே சொல்லிடு."

"வேர்க்குதுண்ணே."

"எனுக்கும்தான். தொடச்சிகினு வா."

தட்டில் தண்ணீரும் ஷாம்புவும் கலந்து தகட்டைப் படுக்க வைத்தார்கள். கன்னியம்மாள் விரலால் சந்தனத்தைத் தள்ளப் போனாள். துலுக்கானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காத! குங்குமத்துல பொடி மணலு இருக்கும். ஒரு கீறு வுழுந்தா முடிஞ்சிடும். தானா ஊறி வரட்டும்." முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் புகை மாதிரி இறங்கியது. கன்னியம்மாள் வாய்க்குள் ஓம் சக்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை தண்ணீர் மாற்றினார்கள். பிறகு தகட்டை நூலில் கோத்து, காற்றாடிக்குத் தூரமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். "வெயில்ல வெச்சா சுருண்டுக்கும். காலையில வந்து பாக்கறேன்" என்று சொல்லி, சந்தனம் ஒட்டியிருந்த பிளாப்பி பெட்டியின் வாயை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்துவிட்டுத் துலுக்கானம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியம்மாள் கோவிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே விளக்கேற்றிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். பரந்தாமனும் வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். துலுக்கானம் உபயோகமில்லாத வேறொரு பிளாப்பியைக் கீறி, அதன் உறைக்குள் காய்ந்த தகட்டை நுழைத்தார். சொருகினார். கர்ரென்றது. நின்றது. மறுபடி மெல்லிசாக ஒரு சத்தம். திரையில் எப்போதும் வருகிற நீலக் கட்டம் வந்தது.

கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பரந்தாமன் எழுந்தே விட்டார். "வந்துடுச்சா? ஓட்டு, ஓட்டு. கம்பிய மாட்டு."

"ஒரு நிமிசம் மொதலாளி..." என்று துலுக்கானம் சொல்வதற்குள் பரந்தாமனே பட்டனை அழுத்திவிட்டார்.

மெஷின் இத்தனை வருஷத்தில் போடாத ஒரு சத்தம் போட்டது. வீல் என்று ஒரு அலறல். கம்பியை வழிநடத்துகிற பீங்கான் ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு சடக்கென்று ஒடிந்து சுவரில் தெறித்தது. துலுக்கானம் பாய்ந்து கரண்டை அணைத்தார். செம்புக் கம்பி சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி தரையெல்லாம் கிடந்தது.

பீங்கான் ஊசி இன்னும் ஒன்றே ஒன்றுதான் கையிருப்பு இருந்தது. அது உடைந்தால் இந்த ஊரில் வேறு கிடையாது.

"புதுசுதானே வாங்கினேன்? இருக்கறதுலயே வேகமானது குட்றான்னு கேட்டு வாங்கினேனே!" என்று பரந்தாமன் தலையில் கை வைத்தார்.

"அதான் மொதலாளி பேஜாரு" என்றார் துலுக்கானம். "இந்த மெஷின் எப்பிடி ஓடுது? ஒரு அடி போன்னு பொட்டி சொல்லும். அப்பால தனக்குள்ளயே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆயிரம் வரிக்கும் எண்ணும். எண்ணி முடிச்சிட்டு அடுத்த அடி சொல்லும். பழசு கெழவன் மாரி நெதானமா எண்ணும். இது கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள எண்ணிட்டு, போ போ போன்னு தொரத்துது. மெஷின் இன்னா பண்ணும்? கால் ஒடிஞ்சி வுழுது."

"எழுதி வெச்சிருக்கறத மாத்திடு."

"எழுதினவன் எந்த தேசத்துல கீறானோ. இந்தப் பொட்டியத்தான் கெழவனாக்கணும்."

கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, அது எழுந்திருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தி, சாதாரணமாக யாரும் போகாத ஒரு பக்கத்துக்குப் போனார். "உள்ள சின்னதா ஒரு டப்பா கீது. எண்ண வேண்டியத கையாண்டயே அதுல வெச்சிக்கினு வேகமா எண்ணும். அத மூடிட்டா ஒவ்வொரு தபாவும் தூரமா போயி எடுத்தாரணும். கால் வலிக்கும், வேகம் கொறையும்." மூடினார். பிறகு தன் பையிலிருந்த ஒரு சின்ன பிளாப்பியிலிருந்து எதையோ ஏற்றினார். "இதுக்கு ஒரு நம்பர் குடுக்கணும். நம்பர ஏத்தினா இன்னும் மெதுவா போவும். ஆனா எந்த நம்பர்?"

அவர் கன்னியம்மாளைப் பார்த்தார், பரந்தாமனைப் பார்த்தார். "பழைய பொட்டி எவ்ளோ வேகத்துல எண்ணிச்சின்னு யாருக்குத் தெரியும்? அது செத்துப்போச்சி. வேகமா வெச்சா கடசி ஊசியும் போவும். ரொம்ப மெதுவா வெச்சா கம்பி தளந்து காயில் கோணிக்கும். மெஷின்ல போட்டுப் பாத்து கண்டுபுடிக்க நம்பகிட்ட ஊசி இல்ல."

பரந்தாமன் முக்காலியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

கன்னியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு ஒன்று தெரியும். ஆனால் அதைச் சொன்னால், நேற்று போகாத வேலை இன்றைக்கே போய்விடும். ஒரு பாவத்தை ஒத்துக்கொண்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொன்றா? புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அண்ணே, அந்த டிஸ்க்குல இன்னொண்ணு கீது" என்றாள் கடைசியில்.

"இன்னாது?"

"கூடை ஆட்டம்."

துலுக்கானம் தேடினார். இருந்தது. பெங்களூர்க்காரர்கள் யாரோ விட்டுவிட்டுப் போனது. ஒரு மரம், மரத்திலிருந்து பழம் விழும், கீழே கூடையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஆறு வருசமா சோத்து நேரத்துல ஆடுவேன்" என்று கன்னியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பழம் கெளய வுட்டு கூடைக்கு வரதுக்குள்ள நாலு தபா ஓம் சக்தி சொல்லலாம். அஞ்சாவது சொல்ல முடியாது. பழைய பொட்டி வேகம் எங்கையிக்குத் தெரியும்ண்ணே."

பரந்தாமனுக்கு முகம் சிவந்தது. "ஆறு வருசமா என் கரண்டுல ஆட்டமா? நான் அங்க வெயில்ல பார்ட்டி பார்ட்டியா அலையறேன், இங்க அம்மா பழம் பொறுக்கறாங்களா?"

"மொதலாளி, கொஞ்சம் கம்முனு இரு" என்றார் துலுக்கானம். பரந்தாமனை அப்படிச் சொன்னவர் அதுவரை யாருமில்லை. "நம்பகிட்ட கீற ஒரே அளவுகோலு அவங்க கைதான். குந்தும்மா."

கன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி முதுகுக்குப் பின்னால் நிற்க, வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிப்படையாக அந்த ஆட்டத்தை ஆடினாள். முதல் நம்பர். மரத்தைப் பார்ப்பதற்குள் பழமெல்லாம் கொட்டித் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிட்டது. "ஆலங்கட்டி மழடா சாமி" என்றார் துலுக்கானம். நம்பரை ஏற்றினார். அப்போதும் வேகம்தான். ஓம் சக்தி ஒன்றுதான் சொல்ல முடிந்தது. இன்னும் ஏற்றினார். இரண்டு. பிறகு ஒரேயடியாக ஏற்றியதில் பழம் பசை மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கியது, ஒன்பது சொன்னாள். குறைத்தார். ஏழு. குறைத்தார். ஐந்து.

"கிட்ட வந்துடுச்சி. இன்னும் ஒரு பொடி."

மத்தியானம் சோறு யாரும் சாப்பிடவில்லை. நம்பரை ஒவ்வொன்றாக இறக்க இறக்க, கன்னியம்மாள் ஆடுவதும், உதடு அசைவதும், தலையை ஆட்டுவதுமாக இருந்தாள். ஒரு நம்பரில் நாலு வந்தது. பரந்தாமன், "அதான், அதான், நிறுத்து" என்றார். கன்னியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "வாய் சரின்னுது. கை இல்லன்னுது. கூடை கொஞ்சம் முன்னாடியே போயிடுது." இன்னும் இரண்டு நம்பர் இறக்கச் சொன்னாள். ஆடினாள். பழம் விழ விழ, அவள் பார்க்காமலே கூடை போய் நின்றது. கண் ஜன்னலைப் பார்த்தது, கை மட்டும் பிடித்தது. பத்து பழம், இருபது, ஐம்பது. ஒன்றும் தரையில் விழவில்லை.

"இதாண்ணே" என்றாள்.

துலுக்கானம் அந்த நம்பரைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். கடைசிப் பீங்கான் ஊசியை அன்றைக்கு மாட்டவில்லை. "இன்னிக்கி எல்லாருக்கும் கை நடுங்குது. நாளைக்கி மாட்டலாம்" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சரியாகப் பம்பு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஆறு பெண்களும் கதவோரம் நின்றார்கள். கடைசி ஊசியைத் துலுக்கானம் காலையில்தான் மாட்டியிருந்தார், அதை ஓட்டிச் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கன்னியம்மாள் சாவியைச் சொருகினாள். நீலக் கட்டம் வந்தது. கம்பியைக் கோத்தாள். பரந்தாமன் பட்டன் பக்கமே போகவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தூரமாக நின்றார்.

அம்மா தாயே என்று அழுத்தினாள்.

ஊசி நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. டக், டக், டக் என்று பழைய சத்தம். ஒரு சுற்று, பத்து சுற்று. திரையில் எண் ஏறியது. நூறு. இருநூறு. ஒரு இடத்தில் கம்பி கொஞ்சம் அதிர்ந்தது. கன்னியம்மாளின் கை தானாகக் கரண்டு பட்டனுக்குப் போனது. துலுக்கானம் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், வேண்டாமென்று. அதிர்வு நின்றது. அறுநூறு. எண்ணூறு. டக்.

முதல் காயிலைக் கழற்றி வந்தவர்களிடம் கொடுத்தாள். அவர்கள் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது. மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் மீட்டர். அவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணும் ஒரே மாதிரி இருக்குதே. புது மெஷினா?"

பரந்தாமன் கன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "இல்ல சார், பழசு. ஓட்டறவங்க பழைய ஆளு" என்றார்.

வருஷம் பூராவும் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் போனபிறகுதான் கன்னியம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பேபி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பரந்தாமன் அறைக்குள் வந்து, "பேபி, நீயும் நாளைக்கி வந்துடு" என்று மட்டும் சொன்னார். கூடை ஆட்டத்தை அழிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் துலுக்கானம் வந்து போய்க்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்பது ஆவணியில் சாமுண்டீஸ்வரியின் தம்பி ஓசூரில் ஒரு பட்டறை பார்த்துக் கொடுத்தான். குடும்பத்தோடு கிளம்பினார். போவதற்கு முதல்நாள், இரண்டாயிரம் பிறந்தால் மெஷின் தேதியில் குழம்பிவிடக் கூடாதென்று, பெட்டியின் நாள்காட்டியைப் பல வருஷம் பின்னால் தள்ளிவைத்துவிட்டுப் பட்டறையிலிருந்து புறப்பட்டார். கன்னியம்மாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தாள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓசூருக்குப் போன மூன்றாம் மாதமே மஞ்சள் காமாலையில் ஆண்டவன் அவரை அழைத்துக்கொண்டான்.

அன்றைக்கு நிறுத்தத்தில் அவள் கேட்டாள், "இனிமே மெஷின் நின்னா நான் யாராண்டண்ணே போவேன்?"

துலுக்கானம் தோல் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"எவன்கிட்டயும் ஓடாத. மொதல்ல குந்து. கடசியா நீ இன்னா பண்ண, அதுல எத சொல்ல கூச்சமா கீது, அத மொதல்ல வாய்விட்டு சொல்லு. எவன் சிரிச்சாலும் பரவால்ல. பாதி கோளாறு அங்கதான் கீது, மீதிய திருப்புளி பாத்துக்கும். பஸ்ஸு வந்துடுச்சி. நீ போம்மா, வெயில்ல நிக்காத."